விரயத்தைக் குறைப்போம், வேலையைச் சீராக்குவோம்: மதுரை கற்றுத்தரும் லீன் பாடம்

ஒரு சான்றிதழ் வாங்கப் போகிறீர்கள். கவுண்டரில் உங்களுக்காக நடக்கும் வேலை பத்து நிமிடம்தான். ஆனால் வீட்டுக்குத் திரும்பும்போது அரை நாள் போயிருக்கும். மீதி நேரம் எங்கே போனது? வரிசையில், ஜெராக்ஸ் கடையில், ஓ.டி.பி.க்காகக் காத்திருந்ததில், "இந்தப் பேப்பர் இல்லையே, நாளைக்கு வாங்க" என்ற பதிலில்.

அந்த அரை நாள் ஒரு சம்பளக்காரருக்கு எரிச்சல் மட்டும்தான். மேலூர் பக்கம் நடவு வேலைக்குப் போகும் ஒருவருக்கோ அது அன்றைய கூலி.

இப்படிக் காணாமல் போகும் நேரத்தையும் உழைப்பையும் பொருளையும் கண்டுபிடித்துக் குறைக்கும் முறைக்கு லீன் மேலாண்மை என்று பெயர். லீன் என்றால் தேவையில்லாத சதை இல்லாத, கச்சிதமான என்று பொருள். இதைக் கற்க வெளிநாட்டுத் தொழிற்சாலைக்குப் போக வேண்டியதில்லை. மதுரை அண்ணா நகரிலேயே உலகம் வந்து பார்த்துப் போகும் எடுத்துக்காட்டு ஒன்று இருக்கிறது.

லீன் எங்கிருந்து வந்தது?

இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு ஜப்பானில் பணமும் குறைவு, பொருளும் குறைவு. டொயோட்டா கார் நிறுவனத்தின் பொறியாளர் டாய்ச்சி ஓனோ, இருப்பதை வைத்தே எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தார். வாடிக்கையாளருக்குப் பயன்படாத ஒவ்வொரு செயலையும் 'முடா', அதாவது விரயம், என்று குறித்து அதை ஒழிக்க முயன்றார். அந்த உற்பத்தி முறைக்குத்தான் 1980-களின் இறுதியில் அமெரிக்க ஆய்வாளர்கள் லீன் என்று பெயர் வைத்தார்கள்.

ஓனோ பிரித்துச் சொன்ன விரயங்கள் ஏழு. நம்ம ஊர் உதாரணங்களோடு பார்ப்போம்.

1. காத்திருப்பு: ஆள் தயார், கணினி தயார், ஆனால் சர்வர் வரவில்லை.
2. தேவைக்கு மேல் செய்தல்: 50 பேர் சாப்பிடும் கடையில் 80 பேருக்குச் சாம்பார் வைப்பது.
3. தேவையற்ற இருப்பு: விற்காத சரக்கைக் குடோனில் அடுக்கி வைத்துப் பணத்தை முடக்குவது.
4. தேவையற்ற போக்குவரத்து: ஒரே கோப்பு மூன்று மேசைக்குப் போய் மறுபடி முதல் மேசைக்கே வருவது.
5. தேவையற்ற அசைவு: பரோட்டா மாஸ்டருக்கு எண்ணெய் ஒரு பக்கம், மாவு வேறு பக்கம். நாள் முழுக்க நடை.
6. தேவையற்ற கூடுதல் வேலை: கணினியில் ஏற்றிய விவரத்தையே மறுபடி நோட்டில் எழுதுவது.
7. பிழையும் மறுவேலையும்: பெயரில் ஓர் எழுத்து தப்பு. திருத்த இன்னொரு விண்ணப்பம், இன்னொரு பயணம்.

பின்னால் வந்தவர்கள் எட்டாவதாக ஒன்றைச் சேர்த்தார்கள்: பயன்படுத்தாத திறமை. நன்றாகப் பேசிப் புரியவைக்கத் தெரிந்தவரை உள்ளறையில் முத்திரை குத்த உட்கார வைத்தால் அதுவும் விரயம்தான்.

"இதெல்லாம் தெரிஞ்சதுதானே" என்று தோன்றலாம். தெரிந்ததைத் தினமும் விடாமல் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத்தான் இப்போது மதுரைக்கு வருகிறோம்.

11 படுக்கைகளில் தொடங்கியது

டாக்டர் கோ. வெங்கடசாமி மதுரை மருத்துவக் கல்லூரியிலும் அரசு எர்ஸ்கின் மருத்துவமனையிலும் (இன்றைய அரசு ராஜாஜி மருத்துவமனை) கண் மருத்துவத் துறைக்குத் தலைமை வகித்தவர். முடக்குவாதத்தால் அவருடைய கைவிரல்கள் வளைந்துபோயிருந்தன. அந்தக் கையோடுதான் கண் அறுவை சிகிச்சை பழகினார். 58 வயதில் அரசுப் பணியில் இருந்து ஓய்வு பெற்றவர், 1976-இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார்.

அவர் முன் இருந்த கணக்கு கடினமானது. கண்புரையால் பார்வை இழந்தவர்கள் ஏராளம். இது மருந்தில் தீராது, ஆனால் ஒரு சிறிய அறுவை சிகிச்சையில் பார்வை திரும்பிவிடும். சிகிச்சை செய்யத் தெரிந்த மருத்துவர்களோ மிகக் குறைவு. பணமும் குறைவு.

இருக்கிற மருத்துவரின் நேரத்தில் ஒரு நிமிடம்கூட வீணாகக் கூடாது என்பதே அவர் கண்ட வழி. அரவிந்த் 'லீன்' என்ற பெயரை வைத்துக்கொண்டு தொடங்கவில்லை. எந்த ஊரில் சாப்பிட்டாலும் ஒரே தரம், ஒரே வேகம் என்று இயங்கும் மெக்டொனால்ட்ஸ் உணவகங்களைப் பார்த்து, கண் சிகிச்சையை ஏன் அப்படித் தரமுடியாது என்று டாக்டர் வெங்கடசாமி கேட்டார். போய்ச் சேர்ந்த இடம் ஓனோ போய்ச் சேர்ந்த இடமேதான்.

இரண்டு மேசை, ஒரு மருத்துவர்

வழக்கமான அறுவை அரங்கில் ஒருவருக்குச் சிகிச்சை முடிந்ததும் அவரை வெளியே கொண்டு போவார்கள். அடுத்தவரை அழைத்து வந்து படுக்க வைத்து, கண்ணைச் சுத்தம் செய்து, கருவிகளை எடுத்து வைப்பார்கள். அதுவரை மருத்துவர் சும்மா நிற்பார். சிகிச்சைக்கு ஆகும் நேரத்தைவிட இந்த இடைவெளி பெரிதாகிவிடும்.

அரவிந்தில் ஒரு மருத்துவருக்கு இரண்டு மேசைகள். முதல் மேசையில் சிகிச்சை நடக்கும்போதே இரண்டாவது மேசையில் அடுத்தவர் தயாராகப் படுத்திருப்பார். கருவித் தட்டும் தயாராக இருக்கும். ஒன்று முடிந்ததும் மருத்துவர் நுண்ணோக்கியை அடுத்த மேசைப் பக்கம் திருப்பி வேலையைத் தொடர்வார். இப்படி ஒரு மருத்துவரால் மணிக்கு ஆறு முதல் எட்டு கண்புரை அறுவைகள் செய்ய முடிகிறது.

இதில் மருத்துவரின் கை வேகமாகவில்லை என்பதைக் கவனியுங்கள். இரண்டு அறுவைகளுக்கு நடுவில் இருந்த காத்திருப்புதான் காணாமல் போனது. லீன் பாடத்தில் முதலில் மனதில் வைக்க வேண்டியது இது: ஆளை விரட்டாதே, இடைவெளியை விரட்டு.

யார் செய்ய வேண்டிய வேலையை யார் செய்கிறார்?

பார்வை அளப்பது, கண் அழுத்தம் பார்ப்பது, கண்ணாடிக்கு அளவெடுப்பது, கண்ணுக்குள் வைக்கும் லென்ஸுக்கு அளவு கணக்கிடுவது, அறுவை பற்றி நோயாளிக்கும் வீட்டாருக்கும் பொறுமையாக விளக்குவது. இவை எல்லாவற்றையும் மருத்துவரே செய்தால் ஒரு நாளில் சிலரைத்தான் பார்க்க முடியும்.

அரவிந்த் இந்த வேலைகளுக்காகச் சுற்று வட்டாரக் கிராமங்களில் இருந்து, பள்ளிப் படிப்பு முடித்த இளம்பெண்களைத் தேர்ந்தெடுத்து இரண்டு ஆண்டு பயிற்சி தருகிறது. ஒவ்வொருவரும் ஒரு பிரிவில் தேர்ந்தவர் ஆகிறார். கண்டறிவதும் முடிவெடுப்பதும் அறுவை செய்வதும் மருத்துவரின் வேலை. மற்றவை பயிற்சி பெற்ற பணியாளர்களின் பொறுப்பு. எட்டாவது விரயம் என்று மேலே பார்த்தோமே, பயன்படுத்தாத திறமை, அதற்கு இது நேரடிப் பதில். கிராமத்துப் பெண்ணுக்கு ஒரு தொழில், மருத்துவருக்கு நேரம், நோயாளிக்குத் தன் பேச்சு மொழியிலேயே விளக்கம்.

லென்ஸ் விஷயத்திலும் அதே யோசனைதான். கண்புரையை எடுத்த பிறகு கண்ணுக்குள் வைக்கும் செயற்கை லென்ஸ், ஒரு காலத்தில் இறக்குமதி ஆனது. விலை ஏழைகளுக்கு எட்டவில்லை. 1992-இல் ஆரோலேப் என்ற உற்பத்திப் பிரிவு தொடங்கப்பட்டு, மதுரையிலேயே லென்ஸ் தயாரானது. இறக்குமதி விலையில் ஒரு சிறு பங்குக்கே கிடைத்தது. இன்று அது பல நாடுகளுக்குப் போகிறது.

இப்படி மிச்சமானது எங்கே போனது? கட்டணம் செலுத்துவோரிடம் இருந்து வரும் வருமானத்தைக் கொண்டு, செலுத்த முடியாதவர்களுக்கு இலவசமாகவோ மிகக் குறைந்த கட்டணத்திலோ சிகிச்சை தரப்படுகிறது. ஒரு சிகிச்சைக்கான செலவு குறையக் குறைய, அதே பணத்தில் இன்னொருவருக்குப் பார்வை கிடைக்கிறது.

இலவசம், ஆனாலும் ஏன் வரவில்லை?

இந்தப் பாடத்தில் முக்கியமான பகுதி இது.

மருத்துவமனைக்குள் எல்லாம் சீராகிவிட்டது. கிராமம் கிராமமாகக் கண் பரிசோதனை முகாம்களும் நடந்தன. "உங்களுக்கு ஆபரேஷன் தேவை, காசு வேண்டாம், மதுரைக்கு வாங்க" என்று சொல்லி அனுப்பினார்கள். ஆனால் சொல்லி அனுப்பியவர்களில் வந்து சேர்ந்தவர்கள் குறைவு.

காரணத்தைத் தேடியபோது அது நோயாளியின் வீட்டில் இருந்தது. அறுவை இலவசம்தான். பஸ்ஸுக்குக் காசு? போன இடத்தில் சாப்பாடு? பார்வை தெரியாத பெரியவரைக் கூட்டிப் போக ஒரு ஆள் வேண்டும், அந்த ஆளுக்கும் கூலி போகும். வீட்டில் ஆடு மாடு இருந்தால் அதைப் பார்க்க ஆள் வேண்டும். "வயசாயிருச்சு, இருக்கிற காலம் இப்படியே போகட்டும்" என்ற பேச்சும், கண்ணில் கத்தி வைப்பார்களே என்ற பயமும் வேறு.

ஆக, மருத்துவமனைக் கணக்கில் செலவு பூஜ்யம். நோயாளியின் கணக்கில் அது பெரிய தொகை.

இதைப் புரிந்துகொண்ட பிறகு முறை மாறியது. முகாமில் தேர்ந்தெடுக்கப்படுவோரைப் பஸ்ஸிலேயே மருத்துவமனைக்கு அழைத்து வந்து, தங்க இடமும் சாப்பாடும் தந்து, சிகிச்சை முடிந்ததும் திரும்பக் கொண்டுபோய் விட்டார்கள். கண்ணாடி மட்டும் தேவைப்படுவோருக்கு முகாம் இடத்திலேயே கண்ணாடியைத் தயாரித்துக் கொடுத்தார்கள். "அப்புறம் வந்து வாங்கிக்குங்க" என்ற ஒரு பயணம் இல்லாமல் போனது.

அதிலும் நிற்கவில்லை. தென்னிந்தியக் கிராமங்களில் நடத்தி 1999-இல் வெளியான ஓர் ஆய்வு, கண்ணில் பிரச்சினை உள்ளவர்களில் சுமார் 7 சதவீதம் பேர்தான் முகாம்களுக்கே வருகிறார்கள் என்று காட்டியது. முகாம் வருஷத்தில் ஏதோ ஒரு நாள்தான். அன்றைக்கு வேலை இருந்தால் போச்சு. எனவே 2000-களில் சிற்றூர்களில் நிரந்தரப் பார்வை மையங்களைத் திறந்தார்கள். அங்கே பயிற்சி பெற்ற பணியாளர் கண்ணைப் பரிசோதிப்பார். தலைமை மருத்துவமனையில் இருக்கும் மருத்துவர் இணையம் வழியாக நோயாளியோடு பேசி ஆலோசனை சொல்வார். பெரும்பாலானவர்களுக்குப் பெரிய மருத்துவமனைப் பயணமே தேவைப்படாது.

விரயத்தை நம்ம மேசைக்குப் பின்னால் இருந்து பார்த்தால் பாதிதான் கண்ணுக்குத் தெரியும். மீதிப் பாதி வருகிறவருடைய வீட்டு வாசலில் தொடங்குகிறது. கவுண்டருக்குள் எவ்வளவு வேகம் காட்டினாலும், வாசல் கணக்கைப் பார்க்காத வரை அந்த வேலை முழுமையாகாது.

குப்பையும் ஒரு விரயம்தான்

அறுவை அரங்குகளில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பொருள்கள் அதிகம். அரவிந்தில் துணி அங்கிகளும் பெரும்பாலான கருவிகளும் கிருமி நீக்கப்பட்டு மறுபடி பயன்படுகின்றன. நவீன கண்புரை அறுவை ஒன்றால் அங்கு வெளியாகும் கரியமில வாயு, பிரிட்டனில் இதே அறுவையால் வெளியாவதில் சுமார் 5 சதவீதம்தான் என்று 2017-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. சிக்கனமாக இருப்பதும் சுற்றுச்சூழலைக் காப்பதும் இங்கே ஒரே வேலையாகிவிடுகிறது.

ஒரு எச்சரிக்கை. சிக்கனம் என்று சொல்லிக் கைகழுவுவதையும் கிருமி நீக்கத்தையும் குறைத்தால் அது லீன் ஆகாது, ஆபத்து. ஒவ்வொரு அறுவையின் விளைவையும் பதிவு செய்து, சிக்கல் எங்கே வந்தது, ஏன் வந்தது என்று பார்ப்பதும் அரவிந்த் முறையின் பகுதிதான். தரத்தைக் குறைத்து மிச்சம் பிடித்தால் அது பிழையாகவும் மறுவேலையாகவும் திரும்பி வரும்.

நம்ம இடத்தில் செய்து பார்ப்போம்

பெரிய மருத்துவமனைக்குச் சரி, சின்ன இடத்துக்கு? திருமங்கலம் பக்கம் ஓர் இ-சேவை மையம் என்று வைத்துக்கொள்வோம். ஒருவர் வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்க வருகிறார். கற்பனைக் கணக்குதான், ஆனால் பலருக்கும் பழக்கமானது.

- வரிசையில் காத்திருப்பு: 20 நிமிடம்
- நகல் எடுக்க ஜெராக்ஸ் கடைக்குப் போய் வருதல்: 10 நிமிடம்
- ஓ.டி.பி. மகனுடைய போனுக்குப் போய், அவரைக் கூப்பிட்டுக் கேட்டல்: 6 நிமிடம்
- பிரிண்டருக்குத் தாள் தேடுதல்: 2 நிமிடம்
- விவரம் பதிதல், ஸ்கேன், கட்டணம், ரசீது: 12 நிமிடம்

மொத்தம் 50 நிமிடம். இதில் அவருக்குப் பயனுள்ள வேலை 12 நிமிடம்.

பெரும்பாலும் நாம் என்ன செய்வோம்? "சீக்கிரம் டைப் பண்ணுங்க" என்று ஆபரேட்டரை விரட்டுவோம். அந்த 12 நிமிடத்தில் 2 நிமிடம் குறையலாம், பெயரில் எழுத்துப் பிழையும் வரலாம். லீன் முறை மற்ற 38 நிமிடத்தைப் பார்க்கும்.

எந்தச் சான்றிதழுக்கு என்னென்ன ஆவணம் என்று வாசலில் பெரிய எழுத்தில் ஒரு பலகை. வரிசையில் நிற்கும்போதே ஒருவர் வந்து, "பேப்பர் எல்லாம் இருக்காங்கய்யா? ஓ.டி.பி. வர்ற போன் கையில இருக்காம்மா?" என்று கேட்டுவிடுவது. காலையிலேயே தாள் நிரப்பி வைப்பது. இவ்வளவுதான். இதில் 18 நிமிடம் போய்விடுகிறது. முன்னால் நிற்பவர்களும் ஓ.டி.பி.க்காகக் கவுண்டரை அடைத்துக்கொண்டு நிற்கமாட்டார்கள் என்பதால் 20 நிமிட வரிசையும் தானாகச் சுருங்கும். யாரும் கூடுதல் வேகத்தில் வேலை செய்யவில்லை.

இதையே கடையிலோ பட்டறையிலோ அலுவலகத்திலோ செய்ய ஐந்து படிகள்:

1. வருகிறவரோடு நடந்து பாருங்கள். அவர் வந்தது முதல் போகும் வரை ஒவ்வொரு கட்டத்தையும் எழுதுங்கள்.
2. ஒவ்வொன்றுக்கும் எத்தனை நிமிடம் என்று போனில் நேரம் பாருங்கள். குத்துமதிப்பாகச் சொல்லாதீர்கள்.
3. எது அவருக்குப் பயன், எது விரயம் என்று இரண்டாகப் பிரியுங்கள்.
4. பெரிய விரயம் ஒன்றை மட்டும் எடுத்து, "ஏன்?" என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள். டொயோட்டாவில் ஐந்து தடவை கேட்பார்கள். ஏன் வரிசை நீளம்? ஓ.டி.பி. தாமதம். ஏன் தாமதம்? போன் கையில் இல்லை. ஏன் இல்லை? முன்பே யாரும் சொல்லவில்லை. இங்கேதான் வேர்.
5. ஒரு வாரம் மாற்றிப் பாருங்கள். மறுபடி நேரம் எடுங்கள். பலன் இருந்தால் அதையே வழக்கமாக்குங்கள்.

இன்னொரு குறிப்பு: மாற்றம் செய்யும்போது அந்த வேலையைத் தினமும் செய்கிறவரைக் கேட்காமல் செய்யாதீர்கள். தாள் ஏன் தீர்ந்துபோகிறது என்பது மேலாளரைவிட ஆபரேட்டருக்குத்தான் தெரியும்.

போன் கையில் இருக்கும் நமக்கு

விரயத்தைக் குறைப்பது அலுவலகத்தின் வேலை மட்டும் அல்ல. நம்ம பக்கத்திலும் செய்யலாம்.

- புறப்படும் முன், தேவையான ஆவணங்களின் பட்டியலைப் போனில் பாருங்கள். பல விண்ணப்பங்களைத் தமிழ்நாடு இ-சேவை இணையதளத்தில் வீட்டிலிருந்தே செய்யலாம்.
- ஆதாரோடு இணைத்த எண் எந்த போனில் இருக்கிறது என்று உறுதி செய்யுங்கள். அந்த போனில் சார்ஜ் இருக்கட்டும்.
- ஓட்டுநர் உரிமம், மதிப்பெண் சான்றிதழ் போன்றவற்றை டிஜிலாக்கரில் சேர்த்து வையுங்கள்.
- விண்ணப்பித்ததும் ஒப்புகை எண்ணைப் படம் எடுத்து வையுங்கள். நிலையை அறிய அதை வைத்து இணையத்தில் பாருங்கள். "ஆயிருச்சா?" என்று கேட்க மட்டும் ஒரு பஸ் பயணம் வேண்டாம்.
- க்யூ.ஆர். குறியீடு மூலம் புறநோயாளி டோக்கன் தரும் மருத்துவமனைகளில் அதைப் பயன்படுத்துங்கள். பதிவு வரிசையில் நிற்கும் நேரம் மிச்சம்.
- பக்கத்து வீட்டில் போன் இல்லாத பெரியவர் இருந்தால் அவருக்கும் ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்கள். எல்லாம் போனுக்குள் போய்விட்டால் போன் இல்லாதவருக்குத்தான் அலைச்சல் கூடும்.

வீட்டில் வயதானவர், "எல்லாம் புகைமூட்டமாத் தெரியுதுப்பா" என்று சொன்னால் தள்ளிப்போடாதீர்கள். பக்கத்தில் உள்ள அரசு மருத்துவமனைக்கோ பார்வை மையத்துக்கோ அழைத்துப் போங்கள். கண்புரையாக இருந்தால் சரிசெய்யக்கூடியது.

பயிற்சி

1. இந்த வாரம் நீங்கள் போன ஏதாவது ஒரு சேவை இடத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மொத்த நேரம் எவ்வளவு, பயனுள்ள நேரம் எவ்வளவு என்று எழுதுங்கள்.
2. உங்கள் வேலை இடத்தில் எட்டு விரயங்களில் எது பெரியது? அதற்கு "ஏன்?" என்று ஐந்து தடவை கேட்டு வேரைக் கண்டுபிடியுங்கள்.
3. உங்களிடம் சேவைக்கு வருகிறவர் வீட்டிலிருந்து உங்கள் இடம் வரை என்னென்ன செலவு செய்கிறார்? பஸ், கூலி, துணைக்கு ஆள் எல்லாவற்றையும் கூட்டுங்கள். அதில் எந்த ஒன்றை உங்களால் இல்லாமல் செய்ய முடியும்?

மூன்றாவது கேள்விக்கு விடை கிடைத்தால், அந்த மாற்றத்தை நாளைக் காலையிலேயே தொடங்கிப் பாருங்கள்.